கூடுதலாக ஓர் ஆழாக்கு

சுந்தரவல்லிக்கு ஒரே ஒரு பயம்தான். சாப்பாட்டு நேரத்தில் வந்தவர் யாரும் பசியோடு திரும்பிவிடக் கூடாது. அதற்காகத் தினமும் ஓர் ஆழாக்கு அரிசி கூடவே போடுவாள். தூத்துக்குடியிலிருந்து தியாகராய நகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தாறு வருஷமாகிறது. சாப்பிட இரண்டே பேர், அவளும் துணிக்கடை வைத்திருக்கும் கணவர் பொன்ராஜும். மனுஷிக்கு அப்படி ஒரு பிடிவாதம். உண்மையில் வருவது ஒருவர்தான். மாதம் ஒருமுறை சரக்கெடுக்க ஊரிலிருந்து வரும் கொழுந்தன் பாலகணேஷ், சொல்லாமல் கொள்ளாமல் மதியம் இரண்டரை மணிக்கு வந்து நிற்பார். மற்ற நாளெல்லாம் அந்தச் சோறு மிஞ்சும். பழையதைப் பொன்ராஜ் தொடமாட்டார். காலையில் அது குப்பைக் கூடைக்குப் போய்விடும்.

மாடியிலிருந்து கூடையை வாட்ச்மேன் கீழே கொண்டுபோன வரைக்கும் சங்கதி வெளியே தெரியவில்லை. அவர் வேலையை விட்டு நின்றதும் சுந்தரவல்லியே தூக்கிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள், குப்பை வண்டியில் வரும் மதுமதி கேட்டேவிட்டாள்.

"இன்னாக்கா, வூட்ல மெஸ்ஸு நடத்திக்கினு கீறியா?"

சுந்தரவல்லியின் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாளிலிருந்து இரண்டு பேருக்கு மட்டும் அளந்து போட்டாள். ஒரே வாரத்தில் கூடையில் காய்த்தோலும் டீத்தூள் சக்கையும்தான் மிச்சம். நாற்றம் போயிற்று, அரிசி மூட்டையும் சீக்கிரம் தீரவில்லை. மதுமதி கூடையை ஒற்றை விரலில் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். சுந்தரவல்லிக்கும் சந்தோஷம்தான். ஆனால் மணி இரண்டைத் தாண்டினால் நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொள்ளும்.

ஒருநாள் வாசல் மணியும் அடித்தது. பாலகணேஷ்தான்.

"மைனி, பசி உயிர் போவுது. சோறு இருக்கா?"

பானையில் பருக்கை இல்லை. "கை கால் கழுவிட்டு உக்காருங்க, இந்தா வந்துட்டேன்" என்று அடுக்களைக்கு ஓடினாள். ஓர் அடுப்பில் குக்கர், இன்னொன்றில் மிளகு ரசம். அவர் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்த இருபது நிமிஷமும் அவளுக்கு உடம்பு கூசியது. வந்தவரைக் காக்கவைத்த வீடாகிவிட்டதே.

ஆவி பறக்கச் சோற்றைப் போட்டாள். பாலகணேஷ் வேகவேகமாகச் சாப்பிட்டார். மறுபடி வாங்கினார். மூன்றாம் தடவையும் தட்டை நீட்டினார்.

"மைனி, இருவது வருசமா உங்க கையால சாப்பிடுதேன். இன்னைக்குத்தான் சுடுசோறு."

சுந்தரவல்லி கரண்டியைச் சோற்றிலேயே வைத்துவிட்டுக் கேட்டாள். "அதை அன்னைக்கே சொல்லுததுக்கு என்ன?"

"எனக்குன்னு எடுத்து வச்சிருக்கீங்க. ஆறிப்போச்சுன்னு எப்படிச் சொல்ல? தண்ணியக் குடிச்சு முழுங்கிருவேன்."

நியாயமாகப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். சிரிப்புதான் வந்தது. கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள்.

"இனிமே இங்க வந்தா இருவது நிமிசம் பட்டினிதான்" என்று சொல்லிக்கொண்டே ரசத்தை ஊற்றினாள்.