வீங்கிய காலை நான் உருவிவிட்டேன்

என் மனைவி செல்விக்கு அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுக் கூறு இருப்பது கர்ப்பகாலப் பரிசோதனையில் தெரிந்தது. நோய் இல்லையே என்று இருவரும் அதை மறந்துவிட்டோம்.

பிரசவமான இரண்டாவது வாரம் அவளுடைய இடது கெண்டைக்கால் வீங்கி வலித்தது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிவிட்டேன். மறுநாள் காலை அவளுக்கு மூச்சு வாங்கியது.

“நெஞ்சு குத்துதுங்க. சீக்கிரம் போலாம் லா.”

குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியின் காரில், மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் ரிங்லெட்டிலிருந்து கீழே மருத்துவமனைக்குக் கிளம்பினோம். வளைவுக்கு வளைவு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பாதி வழியில் அவள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

மருத்துவமனையில் டாக்டர், “பரம்பரை ரத்தக் கோளாறு ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டபோதுதான் எனக்கு நினைவு வந்தது. அதையும், வீங்கிய காலை எண்ணெய் போட்டு உருவியதையும் சொன்னேன்.

“கால்ல உறைஞ்ச ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கு. பிரசவம் ஆனவங்களுக்கே இந்த ஆபத்து உண்டு. இந்தக் கூறு இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் கூடுதல். வீங்கின கால உருவவே கூடாது.”



செல்வி பிழைத்துக்கொண்டாள். இப்போது எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், அவள் பெயரைச் சொன்ன கையோடு அவள் ரத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

“எனக்கு வாய் இல்லியா?” என்கிறாள். இருக்கட்டும், நானும் சொல்கிறேன்.