சேஃப்டி வேறு, செகியூரிட்டி வேறு

"இங்கே சேஃப்பா?"

போன வாரம் கண்டக்குழிக் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கேட்ட கேள்வி இது. கேட்டது என்னிடம் இல்லை. நான் தங்கியிருந்த சின்ன லொட்ஜின் சொந்தக்காரி நஸ்மியாவிடம். கணவனோடும் சின்ன மகளோடும் டொல்பின் பார்க்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார் அந்தப் பெண்.

நஸ்மியா யோசிக்கவே இல்லை. "ஃபுல் செகியூரிட்டி, மேடம்! நேவி இருக்கிறது, பொலிஸ் இருக்கிறது, கள்ளர் இல்லை!" என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இல்லையென்று தலையாட்டினார். கள்ளரைப் பற்றியா கேட்டார் அவர்? கையை நீட்டிக் கடலைக் காட்டினார். பிறகு மகளைக் காட்டினார்.

நஸ்மியா என் பக்கம் திரும்பினார். "ரெண்டும் ஒண்டுதானே சேர்?"

நானும் கொஞ்சம் தடுமாறித்தான் போனேன். தமிழில் இரண்டுக்கும் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லைத்தானே வைத்திருக்கிறோம்! வாசலில் நிற்கும் காவலாளியும் பாதுகாப்பு, பஸ்ஸின் பிரேக்கும் பாதுகாப்பு. அதிலும் இந்த நாட்டில், பாதுகாப்பு என்றவுடன் நம் ஞாபகத்துக்கு வருவது என்ன? துவக்கு, சோதனைச் சாவடி, அடையாள அட்டை...

"ஒராள் வேணுமெண்டு கெடுதல் செய்ய வந்தா, அதைத் தடுக்கிறது செகியூரிட்டி. ஒருத்தரும் கெடுதல் நினைக்காமலே நடக்கிற விபத்து இருக்கே, அதைத் தடுக்கிறது சேஃப்டி" என்றேன்.

விளக்கத்தைச் சொல்லிவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்தேன். நம்மில் பலர் அதோடு நிறுத்திக்கொள்வோம், இல்லையா? நஸ்மியா நிறுத்தவில்லை. நேரே கரைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

அங்கே அவருடைய நானா ரிஸ்வான் படகோடு காத்திருந்தார். கூடப்பிறந்த மூத்தவர். படகு அவருடையது, லொட்ஜ் தங்கையுடையது. மற்றப் படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. வெயில் ஏறினால் காற்றும் ஏறும். பிறகு அன்றைய ஓட்டமே போய்விடும்.

நஸ்மியா ஒரு லைஃப் ஜெக்கெட்டை எடுத்து அந்தச் சிறுமிக்குப் போட்டார். பட்டிகளை இறுக்கினார். பிறகு ஜெக்கெட்டின் இரண்டு தோள்களையும் பிடித்து மேலே தூக்கினார்.

ஜெக்கெட் மேலே வந்தது. பிள்ளை வரவில்லை.

காதுவரை ஏறிய ஜெக்கெட்டுக்குள் சிறுமி கெக்கலித்தாள். நஸ்மியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நானா, சின்னப் புள்ளையளுக்குப் போடுற ஜெக்கெட் இல்லையா?"

"எல்லாம் பெரிசுதான். எத்தனை புள்ளையளக் கூட்டிட்டுப் போயிருக்கேன், ஒண்டும் நடக்கல்லியே? நேவி போட்டும் சுத்திக்கிட்டுத்தானே இரிக்கி."

"நேவி வந்து தேடுறது பொறகு நானா. கடல்ல ஜெக்கெட் மிதக்கும். புள்ள?"

ரிஸ்வானின் முகம் சுருங்கியது. "சனத்துக்கு முன்னால மானத்த வாங்காத. நேரம் போகுது."

"போகட்டும். இந்தப் புள்ள இப்பிடி ஏறுறெண்டா போட் போகாது."

நானாவிடம் ஒரு தங்கை... அதுவும் நாலு பேர் பார்க்க! அந்தத் துணிச்சலையே நான் வியந்துகொண்டிருந்தேன். ஆனால் அடுத்து அவர் செய்ததற்கு இன்னும் பெரிய மனம் வேண்டும்.

பக்கத்து லொட்ஜில் சிறுவர் ஜெக்கெட் உண்டு. அது எல்லோருக்கும் தெரியும். வேலித் தகராறில் இரண்டு வீட்டுக்கும் நெடுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதுவும் எல்லோருக்கும் தெரியும். நஸ்மியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அந்த வாசலுக்கு நடந்தார். கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றார். பிறகு செம்மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி ஜெக்கெட்டோடு திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல மூஞ்சியத் திருப்பிட்டா சேர். ஒரு புள்ளைக்கு எண்டு சொன்னேன். உள்ள போய்த் தேடி எடுத்துத் தந்தா."

ரிஸ்வான் ஜெக்கெட்டை வாங்கித் தானே சிறுமிக்குப் போட்டுவிட்டார். பட்டியை இறுக்கித் தோள்களைப் பிடித்துத் தூக்கினார். இந்த முறை, காலை உதைத்துக்கொண்டு பிள்ளையும் சேர்ந்து மேலே வந்தாள். அவர் தங்கையைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு எஞ்சினை இயக்கினார்.

நானும் ஏறிக்கொண்டேன். கடைசியாகக் கிளம்பிய படகு எங்களுடையதுதான். டொல்பின்களா? தூரத்தில் இரண்டு முதுகுகள் தெரிந்தன — அவ்வளவுதான். அந்தத் தாய் ஒரு குறையும் சொல்லவில்லை. வழி முழுக்க ஆறுதலாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

யோசித்துப் பாருங்கள். செகியூரிட்டிக்குச் சீருடை உண்டு, சல்யூட் உண்டு. சேஃப்டிக்கு யார் கைதட்டுகிறார்கள்? நடக்காமல் போன விபத்தை யாரும் பார்ப்பதில்லை. அதற்காக நானாவோடு சண்டை பிடித்தவளையும், பகைத்த வீட்டு வாசலில் போய் நின்றவளையும் யாரும் பார்ப்பதில்லை.

பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பெரிய அலை அடித்ததா, படகு கவிழ்ந்ததா...?

ஒன்றுமே நடக்கவில்லை. சேஃப்டி என்றால் அதுதான்!