இழைப்பு மெஷினுக்கு நான் இழுத்த லைன்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம். மேலூரிலிருந்து மதுரை போகும் வழியில் எங்கள் மரப்பட்டறை இருக்கிறது. கதவு, ஜன்னல், கட்டில் செய்து கொடுக்கிறோம். அந்த மாதம்தான் என் கணவர் ரொம்ப நாள் ஆசைப்பட்டு, பலகை இழைக்கும் மெஷின் ஒன்றை வாங்கினார். ரெண்டு ஹெச்.பி. மோட்டார்.

நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள். கல்யாணத்துக்கு முன் ஒரு நூல் மில்லில் மூன்று வருடம் மெயின்டனன்ஸ் வேலையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மெஷினுக்குக் கரண்ட் கொடுக்க வந்தவர் கணவரின் சிநேகிதர். வீடுகளுக்கு லைட்டும் ஃபேனும் மாட்டித் தருபவர். லைட்டுக்குப் போடும் மெல்லிய ஒயரில் சின்ன பிளக்கை மாட்டி, ஒரு ஜங்ஷன் பாக்ஸில் சொருகிவிட்டார். எர்த் ஒயரே இல்லை.

"அண்ணே, இம்புட்டுப் பெரிய மோட்டாருக்கு இந்த ஒயர் தாங்காதுண்ணே. எர்த்தும் குடுக்கலையே" என்றேன்.

"சும்மா இரு தங்கச்சி. புஸ்தகத்துல இருக்கதெல்லாம் பாத்தா தொழில் பண்ண முடியுமா?" என்று சிரித்தார். கணவரும் கூடச் சிரித்தார். மெஷினும் ஓடியது. நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

நாலாம் நாள், காலை பதினொரு மணி இருக்கும். கணவர் தேக்குப் பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழையும்போதே ஒயர் கருகும் வாடை. மில்லில் பழகிய வாடை அது. மெஷின் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சுவரோரம் ஜங்ஷன் பாக்ஸ் உருகி வளைந்திருந்தது. அடியில் குவிந்திருந்த மரத்தூள் புகைந்தது. இரண்டடி தள்ளி, ஒரு புதுவீட்டுக்குச் செய்து அடுக்கிய கதவுகள். வெளியே ஆடிக் காற்று.

பக்கத்திலேயே தண்ணீர்க் குடம். கை அதற்குத்தான் போனது. ஆனால் கரண்ட் இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் ஷாக் அடிக்கும் என்று, முதலில் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

"எவன்டா மெயின ஆஃப் பண்ணுனது?" என்று கத்திக்கொண்டு திரும்பியவர், நான் குடத்தோடு ஓடுவதைப் பார்த்தார். அதற்குள் தூள் பற்றிக்கொண்டது. இருவருமாக ஊற்றி அணைத்தோம். பிளக்கைப் பிடுங்கினால் வரவில்லை. சாக்கெட்டோடு உருகி ஒட்டியிருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"லைன நான் இழுக்குறேன். அதுவரைக்கும் மெஷின் ஓடக்கூடாது" என்றேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு குரலில் நான் அவரிடம் பேசியதில்லை.

மறுநாள் இருவரும் மதுரை ஆரப்பாளையத்தில் ஓர் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனோம். கடைக்காரர் என் கணவரைப் பார்த்து, "சொல்லுங்கண்ணே, என்ன ஒயர் வேணும்?" என்றார்.

"அவுககிட்ட கேளுங்கண்ணே. அவுகதான் எங்க பட்டறைக்கு எலக்ட்ரீஷியன்" என்றார் இவர்.

வீட்டில் என்னை "ஏய்" என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் கேட்டேன்: நாலு எம்.எம். காப்பர் ஒயர், எர்த்துக்குத் தனி ஒயர், இரும்புப் பெட்டியோடு வரும் இருபது ஆம்ப்ஸ் பிளக்கும் சாக்கெட்டும், மோட்டாருக்கென்று வரும், லோடு கூடினால் தானாக அணைந்துவிடும் எம்.சி.பி. சுவிட்ச்.

"விவரமாக் கேக்குறீகளே! எங்க வேல பாக்குறீக?"

"எங்க பட்டறையிலதான்" என்றேன்.

மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்தேன். மரத்தூள் சேராத உயரத்தில் சாக்கெட்டை வைத்தேன். வெளியே கணவர் தோண்டிய குழியில் எர்த் கம்பியை இறக்கினேன். மெஷினை ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஒயரைத் தொட்டுப் பார்த்தோம். சூடே இல்லை.

கேள்விப்பட்டு வந்த அந்தச் சிநேகிதரும் தொட்டுப் பார்த்தார். பிறகு, "தங்கச்சி, எங்க மச்சான் மாவு மில்லுக்கு ஒரு லைன் இழுக்கணும். வாரியா?" என்றார்.

"வாரேண்ணே" என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பட்டறைகளுக்கு லைன் இழுத்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் மோட்டார் ஓடத் தொடங்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முதல் நாளே அழுத்திச் சொல்லாமல் விட்டேனே என்ற உறுத்தல் போகாததால், 'இந்த ஒயர் தாங்காது' என்று எனக்குத் தெரிந்துவிட்டால், எதிரே யார் சிரித்தாலும் அதை மாற்றாமல் நான் கரண்ட் கொடுப்பதில்லை.