பியரோகிக் காசும் பெரிய வண்டியும்

ஷேல் ரன் ஊர்த் தீயணைப்புக் கூடத்துச் சமையற்கட்டில் வெர்னா யுர்ச்சாக்குக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வெளியே புதுத் தீயணைப்பு வண்டி மழையில் நனைந்துகொண்டிருந்தது. கூடத்து வாசலைவிட அரை அடி உயரம். வாங்கப் போன ஆறு ஆம்பிளைகளில் ஒருவனும் வாசலை அளக்கவில்லை. வெளியிலேயே நின்று உறைபனி விழுந்தால், உள்ளே தண்ணீர் உறைந்து அதன் பம்பு வெடித்துவிடும்.

முப்பத்தெட்டு வருஷமாக வியாழன்தோறும் ஊர்ப் பெண்களோடு உருளைக்கிழங்கை மசித்து, மாவில் மடித்து, தீயணைப்புச் செலவுக்காகப் பியரோகி விற்கிறாள். சுரங்கம் ஓடியவரை வீட்டுக்கு வீடு நன்கொடை வந்தது. சுரங்கம் மூடியதும் காசு திரட்டப் பிங்கோ என்ற எண் ஆட்டம் வைத்தார்கள். நெடுஞ்சாலையில் சூதாட்ட விடுதி திறந்ததும் பிங்கோவும் படுத்துவிட்டது. இப்போது டீசல், இன்சூரன்ஸ் எல்லாம் பியரோகி தலையில். ஆனால் கம்பெனி என்று ஊரார் சொல்லும் அந்தத் தீயணைப்புத் தொண்டர் குழுவின் கூட்டத்தில் பெண்களுக்கு ஓட்டு கிடையாது. புருஷன் ஸ்டீவ் செத்தபின் அவள் வீட்டிலிருந்து ஓட்டுக்குத் தூக்க ஒரு கையும் இல்லை.

கம்பெனித் தலைவன் எல்வுட் உள்ளே வந்தான்.

"வெர்னா, வாசல உசத்த நாப்பதாயிரம் டாலராம். உங்க பொம்பளைங்க கணக்குல அம்பத்தோராயிரம் இருக்கே."

"எங்க காச மட்டும் நல்லா அளந்து வச்சிருக்கியே!"

"கிண்டல விடு. காசு இல்லேன்னா கம்பெனிய மூடிட்டு, பக்கத்து ஊர்க்காரன நம்ப வேண்டியதுதான். அவன் வந்து சேர இருபத்திரண்டு நிமிஷம்."

அவள் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒன்றில் தீப்பிடித்தால் தெருவே போகும்.

"கம்பெனிய மூட விடமாட்டேன். மாவு பிசையிற ஒவ்வொருத்திக்கும் ஓட்டு குடு. அப்பறம்தான் காசு."

"பசங்க ஒத்துக்க மாட்டானுங்கடீ."

"அப்ப அவனுங்களையே பியரோகி மடிக்கச் சொல்லு."

ஞாயிறு மதியம் ஆண்கள் முனகிக்கொண்டே கை தூக்கினார்கள். பெண்களுக்கு ஓட்டு கொடுக்கப் பதினொரு பேர், வேண்டாமென்று ஒன்பது பேர். உடனே வெர்னா எழுந்தாள்.

"இந்த வண்டிய வித்துடுவோம். வாசல்ல நுழையிற பழைய வண்டி ஒண்ணு வாங்குவோம். காசு பத்தலேன்னா நாங்க போடுறோம்."

இருபத்தைந்து பெண் கைகள் உயர்ந்தன; இருபது ஆண்களை மிஞ்சித் தீர்மானம் நிறைவேறியது. எல்வுட் தலையில் அடித்துக்கொண்டான்.

"அடிப்பாவி! இதுக்கா ஓட்டு குடுத்தோம்?"

"வேற எதுக்குக் குடுத்த?"

அன்று சாயங்காலம் விற்கும்வரை பனி படாமலிருக்க, ஊருக்கு வெளியே விவசாயி ஹவுசரின் உயரமான கொட்டகையில் வண்டியை நிறுத்தினார்கள். வெர்னாவுக்கு அப்போதும் நிலைகொள்ளவில்லை. கொட்டகையிலிருந்து ஊர் வரை எல்வுட்டை அதே வண்டியை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தாள்.

"ஒன்பது நிமிஷம்," என்றான் எல்வுட். "பரவால்லதானே?"

"பத்தாது. நாளைக்கே பழைய வண்டி தேடக் கிளம்பணும். நானும் வரேன். அளவு நாடா என் பையில இருக்கு."