டொக்டரின் ரைஃபிள்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், லண்டனில் மிச்சம் என்னும் பகுதியில் துப்பாக்கி திருத்தும் பட்டறையொன்றில் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் துவக்கோடு யாரைக் கண்டாலும் தலையைக் குனிந்து நடந்தவன் நான். இங்கே அதுவே எனக்குச் சோறு போட்டது.

ஒருநாள் மலேசியத் தமிழரான ஆபரேஷன் டொக்டர் ஒருவர், மான் வேட்டைக்கென வாங்கிய பழைய பட்டாளத்து ரைஃபிளோடு வந்தார். பத்துக் குண்டு கொள்ளும் மகசீன் கீழே துருத்திக்கொண்டிருந்தது. அதை வெட்டி ஐந்து குண்டுக்குச் சிறிதாக்க வேண்டும்.

யார் கொண்டுவந்தாலும் முதலில் போல்ட் என்ற பின்பக்கப் பூட்டைத் திறந்து, குழலுக்குள் குண்டு இல்லையென்று பார்ப்பது பட்டறை விதி.

"காலிதான் தம்பி," என்றார்.

டொக்டர் சொன்னதை அவர் முன்னாலேயே சோதிப்பதா? எனக்கு அது மரியாதையாகப் படவில்லை. "ஓம் டொக்டர்," என்று மகசீனை மட்டும் கழற்றி வெட்டினேன். எதிரே இருந்தவருக்குத் தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்தேன்.

திரும்பப் பூட்டிவிட்டு போல்ட்டை இழுத்தேன். உள்ளேயிருந்து ஒரு குண்டு துள்ளி மேசையில் விழுந்து, அவருடைய கோப்பைவரை உருண்டது. வெடிக்காத முழுக் குண்டு. அரை மணி நேரமாகக் குழல் அவர் நெஞ்சைப் பார்த்தபடி கிடந்திருக்கிறது.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "ஆபரேஷன்ல உள்ள எதுவும் தங்கிடக்கூடாதுன்னு, நர்ஸ் எண்ணின பஞ்சையே திரும்ப எண்ணச் சொல்றவன் நான்," என்றார். "நீங்க ஏன் தம்பி என்னை நம்புனீங்க?"



அடுத்த வருடம் அதே ரைஃபிளோடு வந்தபோது அவரே போல்ட்டைத் திறந்து நீட்டினார். வெறுமையாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அவர் பார்த்திருக்க, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான், "வாங்கோ டொக்டர், இருங்கோ," என்றேன்.