பழகுவதும் பழக்குவதும்

குன்னூர் பஜாரில் பழைய எனாமல் சட்டிகளை வாங்கிச் சரிசெய்து விற்கிறேன். உள்ளே வார்ப்பிரும்பு, மேலே கண்ணாடி மாதிரி எனாமல் பூச்சு. கம்பி பிரஷ்ஷை அதன் பக்கமே கொண்டுபோக மாட்டேன். கையில் இருக்கும் அந்த நிதானம் என் வாய்க்குக் கிடையாது.

கிளென்மார்கன் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களா அம்மா என்னிடம் நீலச் சட்டி ஒன்று வாங்கினார். உள்ளே பால் வெள்ளை. அங்கே சமையலுக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த சரோஜா எனக்கு போன் செய்தார்.

"பாய், சட்டி ஒரே கனமுங்க. சூடேறவும் நேரமாகுது."

"நாலு நாள் பழகிக்கோங்க, சரியாயிடும்" என்றேன். அங்கே சிக்னல் எப்போதுமே அரைகுறை.

அடுத்த வியாழன் காலையில் சட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். மூடியைத் திறந்தேன். வெள்ளையைக் காணோம். டிகாஷன் நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு படலம்.

"என்னம்மா பண்ணுனீங்க?"

"நீங்கதானுங்களே பழக்கிக்கச் சொன்னீங்க! தோசைக்கல்லுக்குப் பண்றாப்பல கஞ்சித்தண்ணி ஊத்தி வெச்சு, நாலு நாளா எண்ணெய் தடவித் தடவிக் காய்ச்சுனேன். வெளியூர் போயிருக்குற அம்மா சனிக்கிழமை வர்றாங்க பாய். சேந்து ஒரு மாசங்கூட ஆகலீங்க, வேலை போயிருமுங்க."

நான் சொன்னது பழகு. அவர் காதில் விழுந்தது பழக்கு. நடுவில் ஒரே ஒரு 'க்'. இரும்புக்கல்லைப் பழக்கத் தெரிந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். எனாமலுக்கு அது வேண்டாம் என்று சட்டியைக் கொடுக்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

தண்ணீர் ஊற்றி, சோடா உப்புப் போட்டு, சிம்மில் வைத்தேன். அரை மணி நேரம் கழித்து அடுப்பை அணைத்தேன்.

"பச்சத்தண்ணி ஊத்தி ஆத்திரலாமுங்களா?"

"ஐயோ, வேண்டாம்மா! எனாமல் விரிசல் விட்டுரும். தானா ஆறட்டும்."

முதல் தடவை தண்ணீர்தான் பழுப்பானது, படலம் அசையவில்லை. இரண்டாவது தடவை ஓரங்களில் தோல் மாதிரி உரிந்தது. அடியில் எனாமல் வெடித்திருந்தால் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை மரக்கரண்டியால் மெல்லத் தள்ளினேன். கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது. ஒரு கீறல் இல்லை.

"அப்பாடா!" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சாயங்காலத்துக்குள் முழு வெள்ளையும் திரும்பிவிட்டது.

விளிம்பில் எனாமல் கிடையாது, வெறும் இரும்புதான். நம் ஊர் பனிக்கு அது சீக்கிரம் துருப்பிடிக்கும். அவர் தடவிய எண்ணெய் அங்கே மட்டும் கறுப்பாக, ஜம்மென்று பிடித்திருந்தது. நானே செய்திருந்தாலும் அவ்வளவு சீராக வந்திருக்காது. அதை அப்படியே விட்டேன்.

சனிக்கிழமை மதியம் போன் வந்தது.

"பாய், சட்டியப் பத்தி அம்மா ஒண்ணுமே சொல்லலீங்க. கறி நல்லா இருக்குதுன்னாங்க. சட்டிய நானும் பழ..."

லைன் கட்டாகிவிட்டது. பழகினாரா, மறுபடியும் பழக்கினாரா என்று தெரியாமல், மணி அடிக்கும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழகிட்டேன்னு சொன்னேனுங்க. 'க்' இல்லாம!"

இப்போது எந்தச் சட்டியை விற்றாலும் உள்ளே ஒரு சீட்டு வைக்கிறேன்: 'எண்ணெய் விளிம்புக்கு மட்டும்.' புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் சோடா உப்பு வாங்குவதற்கு முன்னால் அந்தச் சீட்டை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.