பெயர் சொல்லக் கூடாத ஊரில் ஒரு ஞாயிறு

சனிக்கிழமை காலை 5.10. கிரவீனில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து காரை எடுத்தேன். ரயர்க் காற்றை இரண்டு தரம் பார்த்தாயிற்று. தண்ணீர் ஆறு போத்தல். கங்காரு குறுக்கே பாய்ந்தால் பிறேக் பிடிப்பதா, திருப்புவதா என்று மகனிடம் கேட்டுவைத்திருந்தேன். பக்கத்தில் நிரோஷா, கையில் மாவுக்கட்டு. அடுத்த தெருப் பிள்ளை; பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படிக்கிறாள். தென் அமெரிக்காவிலிருந்து வந்து, இங்கே நாட்டுப்புற ஊர்களில் தோடம்பழம் பிடுங்கியும் கோழித் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றும் சீவிக்கிற குடும்பங்களோடு பழகி, அவர்களைப் பற்றி எழுதுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மணிக்கட்டு முறிந்ததால் ஓட்ட முடியாமல் என்னைக் கேட்டாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆராய்ச்சி தெரியாது, கார் ஓட்டத் தெரியும்.

லிவர்பூல் தாண்டுமுன்னே பெற்றோல் அடிப்போமா என்றேன்.

"அன்ரி, முக்கால் டாங்க் கிடக்கு!"

"மிச்சக் கால் இல்லைத்தானே?"

7.45. கோல்பேர்ன், 180 கிலோமீற்றர். இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' ஒன்று ஏழு டொலர் ஐம்பது சதம். அங்கேதான் பிள்ளை தன் கவலையைச் சொன்னாள்.

"ரெண்டு தரம் போனனான் அன்ரி. நல்லாச் சாப்பாடு தருவினம், சிரிப்பினம். ரெக்கோடரை வெளியில எடுத்தா எல்லாரும் மழையைப் பற்றித்தான் கதைப்பினம். இந்த முறையும் சரிவராட்டி இந்த ஊரை விடச் சொல்லி சுப்பவைசர் சொல்லிட்டார். ஒரு வருச வேலை போயிடும்."

எனக்கு இருந்த கவலைகளோடு அதுவும் ஏறிக்கொண்டது. 11.40க்கு வாகா வாகா. வழியெல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கிற கனோலாப் பூ வயல், மஞ்சள்தூள் கொட்டியதுபோல. அதற்கப்பால் ஊர்ப்பெயர் எழுதமாட்டேன், காரணம் வருகிறது. 2.20க்குப் போய்ச் சேர்ந்தோம். மோட்டல் 135 டொலர், சுத்தமான அறை.

ஞாயிறு காலை அந்த ஊர்த் தேவாலயத்தில் ஸ்பானிஷ் மொழியில் பூசை. ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று மன்னாரில் பழகிய கால்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு பக்கத்து மண்டபத்தில் அந்தக் குடும்பங்களோடு சாப்பாடு: சோள ரொட்டி, கறுத்த அவரை, எங்கள் சம்பலுக்குச் சொந்தக்காரன்போல ஒரு மிளகாய் அரையல். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

நிரோஷா ரெக்கோடரை மேசையில் வைத்தாள். கதை நின்றது. ஒருவர் மழை குறைவு என்றார். இன்னொருவர், ஓம், குறைவுதான் என்றார்.

எனக்குப் பதிகிற கருவியைக் கண்டாலே, அகதி விசாரணைக்கு இருந்த நாள் நினைவுக்கு வந்துவிடும். தெரிந்த இங்கிலீசில் வாய் தானாகக் கேட்டுவிட்டது: "பிள்ளை, இந்தக் குரல் ஆரிட்டப் போகும்? விசாக் கந்தோர் அதிகாரியள் கேட்டா குடுப்பியா?"

நிரோஷாவின் முகம் கறுத்தது. கெடுத்துவிட்டேனே என்று நாக்கைக் கடித்தேன்.

ஒரு கொலம்பியாக்காரி கதிரையைக் கிட்ட இழுத்தார். இங்கே அவரைக் கார்மென் என்கிறேன். "இதைத்தான் ரெண்டு தரமும் கேக்க நினைச்சனாங்கள். கேக்கப் பயத்தில சாப்பாட்டைத் தந்து தந்து சமாளிச்சனாங்கள்," என்றார். மண்டபமே சிரித்தது.

நிரோஷா நிதானமாகச் சொன்னாள்: ஒருவருக்கும் கொடுக்கமாட்டாள், ஆட்களின் பெயர், ஊரின் பெயர் எல்லாம் மாற்றப்படும், வேண்டாம் என்றால் கண்முன்னே அழிப்பாள்.

"அழி, பாப்பம்," என்று கார்மென் இரண்டு வரி பாடிப் பதிந்தார். நிரோஷா அழித்தாள். கார்மென் கருவியைக் காதில் வைத்து, டொக்டர் நெஞ்சு பார்ப்பதுபோலக் கேட்டார். சத்தமில்லை.

"சரி. இனி நீ கேள்."

முதலில் புதுப் பெயர் எடுக்கும் அமளி. ஒரே பந்தாட்டக்காரனின் பெயருக்கு மூன்று ஆண்கள் சண்டை. கார்மென் என்பது அவருடைய மாமியாரின் பெயராம்: "வம்பு வந்தா அவவுக்கு வரட்டும்!" நாலு மணிவரை கதைத்தார்கள். ஒருவரும் மழையை எடுக்கவில்லை.

திங்கள் 11.30, திரும்பும் வழியில் யாஸ். கோப்பி ஐந்து டொலர் எண்பது.

"அன்ரி, உங்கட கேள்வியும் புத்தகத்தில வரும். உங்களுக்கு என்ன பேர் வைக்க?"

கோப்பி ஆறும்வரை யோசித்தேன். எத்தனை படிவங்களில் பெயர் எழுதப் பயந்திருக்கிறேன். இப்போது பயம் இல்லை.

"என்ர பேரையே போடு."

"ஏலாது அன்ரி. ரூல். எல்லாருக்கும் மாத்தத்தான் வேணும்."

"அப்ப நானே தனிய ஒண்டு எழுதுறன்," என்றேன்.

இதோ, எழுதிவிட்டேன். என் பெயர் பிலோமினா.